முதல் கேமரா யாருடையது?

ஆகஸ்ட் 19ஆம் நாள் வந்துவிட்டால் நம் பக்கங்கள் முதல் கேமராக்களின் நினைவுகளால் நிறைந்துவிடுகின்றன. உலக ஒளிப்பட நாளை முன்னிட்டு, மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த யாஷிகாவைப் பற்றியும், முதல் வேலையில் சேர்ந்ததும் தவணை கட்டி வாங்கிய நிக்கானைப் பற்றியும் நண்பர்கள் எழுதுகிறார்கள். அவற்றுள் பல நெகிழ்ச்சியானவை; விரும்பியே படிக்கிறேன். ஆயினும் அவை அனைத்தும் ஒரே வாய்பாட்டில் அமைந்திருப்பதைக் கவனிக்காமல் இருக்க இயலவில்லை. கருவி கைக்கு வந்தது, கண் திறந்தது, உலகம் வேறாகத் தோன்றியது. எடுத்தவர் இருக்கிறார், கருவி இருக்கிறது. கருவிக்கு முன்னால் நின்றவர் அந்த நினைவுகளில் அநேகமாக இல்லை.

தாராவியையும் அதைச் சுற்றியுள்ள தமிழ்க் குடியிருப்புகளையும் ஆய்வுப் புலமாகக் கொண்ட எனக்கு இந்த வாய்பாடு நெருடுகிறது. மும்பையின் ஒளிப்பட வரலாற்றில் நான் அறிந்த முக்கியமான தொடக்கங்கள் இரவலிலும் கடனிலும் பிறருடைய பெயரிலும் நிகழ்ந்தவை. முதல் கேமரா எதையேனும் கற்றுக்கொடுத்தது என்றால், அது முழுமையாகத் தன்னுடையதாக இல்லாததால்தான் கற்றுக்கொடுத்தது என்று நினைக்கிறேன். களத்தில் படமெடுக்கும் ஆய்வு மாணவர்களான நமக்கு இது வெறும் வரலாற்றுச் சுவை அன்று என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹோமாய் வியாரவாலாவிலிருந்து தொடங்குகிறேன். 'இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக் கலைஞர்' என்று போட்டித் தேர்வு வினா-விடை அளவில் அவரைப் பலருக்கும் தெரியும். 1913 டிசம்பர் 9 அன்று நவ்சாரியில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை நாடகக் குழு நடிகர். பம்பாய்க்கு வந்து ஜே.ஜே. கலைப் பள்ளியில் பயின்றார். ஒளிப்படம் அங்கே கற்ற கலை அன்று. பின்னாளில் கணவரான மாணெக்‌ஷா வியாரவாலாதான் அதைக் கற்றுக்கொடுத்தார். மகளிர் சங்கம் ஒன்றின் சிற்றுலாவை அவர் எடுத்த படங்கள் 'பாம்பே கிரானிக்கிள்' நாளிதழில் வெளிவந்தன. கிடைத்த ஊதியம் படத்துக்கு ஒரு ரூபாய். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி'யில் அவருடைய படங்கள் அச்சாயின. தொடக்கத்தில் அவற்றின் கீழே இருந்த பெயர் அவருடையது அன்று, மாணெக்‌ஷாவினுடையது.

வழக்கமான வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகள் இந்த இடத்தை ஒரு வாக்கியத்தில் கடந்து, 1942இல் அவரை தில்லிக்கு அழைத்துச் சென்றுவிடுகின்றன. பிறகு செங்கோட்டையில் ஏறிய கொடி, காந்தியின் இறுதிப் பயணம், 1956இல் இந்தியாவுக்கு வந்த தலாய் லாமா, புறாவைப் பறக்கவிடும் நேரு என்று புகழ்பெற்ற படங்களின் வரிசை தொடங்கிவிடும். எனக்கு அந்த தில்லிப் படங்களைவிட, முப்பதுகளின் இறுதியில் ஜே.ஜே. கலைப் பள்ளியில் அவர் எடுத்த உடன்பயின்ற மாணவியரின் படங்கள் முக்கியமாகத் தோன்றுகின்றன. ரெஹானா மொகுல் என்ற தோழியை அவர் எடுத்த படங்களில், கேமராவின் முன் நிற்பவரிடம் கூச்சமும் இல்லை, பணிவும் இல்லை. எடுப்பவளும் நிற்பவளும் ஒரே வகுப்பில் அமர்ந்தவர்கள். படம் எப்படி வந்திருக்கிறது என்பதை மறுவாரமே வகுப்பறையில் கேட்டுவிடக்கூடியவர்கள். நேருவுக்கோ மவுண்ட்பேட்டனுக்கோ அந்தத் தேவை இருந்ததில்லை. அவர்களை எடுத்த படங்களில் திறமை தெரிகிறது. தோழியின் படங்களில் உறவு தெரிகிறது. என் சார்பு எந்தப் பக்கம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவர் கையில் வெகுகாலம் இருந்த ரோலைஃப்ளெக்ஸ் கருவியின் அமைப்பையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். அதைக் கண்ணருகே தூக்கிப் பிடிப்பதில்லை. வயிற்றருகே வைத்து, தலை குனிந்து, மேலே உள்ள கண்ணாடித் திரையைப் பார்க்க வேண்டும். திரையில் இடம் வலமாக மாறித் தெரியும். ஒரு சுருளில் 12 படங்கள். எதிரே நிற்பவருக்கும் எடுப்பவருக்கும் இடையே முகத்தை மறைக்கும் பெட்டி எதுவும் இல்லை. தலை நிமிர்ந்தால் நேருக்கு நேர் பேசலாம். சேலை கட்டிய பெண் ஒருத்தி இப்படி ஒரு பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு சுற்றுவதை அன்றைய பம்பாயில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும், அந்த அலட்சியமே தமக்கு வசதியாயிற்று என்றும் ஹோமாய் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பெயர் இல்லாமல் இருப்பதன் இழப்பும் வசதியும் ஒருசேர அவருக்குத் தெரிந்திருந்தன. பின்னாளில் அவர் சூடிக்கொண்ட 'டால்டா 13' என்ற பெயர்கூட டி.எல்.டி. 13 என்ற கார் எண்ணிலிருந்து வந்ததுதான். 1970இல் கேமராவை வைத்தவர் 2012இல் மறையும்வரை அதைத் தொழிலாகத் தொடவே இல்லை. அவருடைய படங்களை நாம் இன்று அவர் பெயராலேயே அறிவதற்கு சபீனா கதிஹோக்கின் நூலும் அல்காசி அறக்கட்டளையின் ஆவணகமும் பெரும் காரணங்கள். படம் எடுக்கப்பட்ட நாளுக்கும் அது உரியவர் பெயருக்குத் திரும்பிய நாளுக்கும் இடையே எத்தனை பத்தாண்டுகள் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

அடுத்த தலைமுறையிலிருந்து ஒருவரை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 'சலாம் பாம்பே' படத்தின் திரைக்கதையாசிரியரான சூனி தாராபோர்வாலா, ஹார்வர்டில் மாணவியாக இருந்தபோது அறைத்தோழியிடம் கடன் வாங்கித் தம் முதல் நல்ல கேமராவை வாங்கினார். அதைக் கொண்டு பம்பாய்க்குத் திரும்பி எடுத்தவை பெரும்பாலும் தம் குடும்பத்தாரையும் தம் சமூகத்தாரையும்தான். அவை 2000ஆம் ஆண்டில் பார்சிகளைப் பற்றிய நூலாயின. கருவி கடனில் வந்தது. படங்களோ வீட்டுக்குள்ளிருந்து வந்தன. ஹோமாயைப் போலவே இவரும் தம்மைக் கேள்வி கேட்கக்கூடியவர்களையே முதலில் எடுத்தார்.

இவர்கள் இருவரும் கல்வியும் சூழலும் வாய்த்தவர்கள் என்று யாரேனும் சொன்னால் அது நியாயமே. ஆகவே தமிழர் இருப்பிடங்களுக்கு வருவோம்.

மாட்டுங்கா என்றதும் கல்வியாளர்களான நமக்கு கிங்ஸ் சர்க்கிளும், 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும், சண்முகானந்த சபாவின் கச்சேரிகளும், வாழையிலைச் சாப்பாடும் நினைவுக்கு வரும். கோட்டைப் பகுதி அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஆல்பங்கள் சேர்த்தன. அரங்கேற்றம், உபநயனம், அறுபதாம் கல்யாணம் என்று ஒவ்வொன்றும் கறுப்பு அட்டையில் முக்கோணக் காகித முனைகளுக்குள் செருகப்பட்டிருக்கும். ஆனால் மாட்டுங்கா என்ற பெயர் இரயில் பாதைக்கு மறுபுறமும் உண்டு. மாட்டுங்கா லேபர் கேம்ப் தாராவியின் பகுதி. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து தோல் பதனிடும் கூடங்களிலும் மாநகராட்சித் துப்புரவுப் பணியிலும் உழைத்தவர்களின் தலைமுறைகள் வாழும் பகுதி இந்தப் பக்கம். இரண்டு மாட்டுங்காக்களுக்கும் இடையே நடந்தே போய்விடலாம். ஆல்பங்களுக்கு இடையிலான தூரம் அதைவிட அதிகம்.

இந்தத் தூரத்துக்கு வருமானம் மட்டும் காரணம் அன்று; கருவியின் ஒளியியலும் ஒரு காரணம். அறுபதுகள் தொடங்கி இந்திய நடுத்தர வர்க்கத்தின் முதல் கேமராவாக இருந்தது பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3. 120 சுருளில் 6 செ.மீ. சதுரத்தில் 12 படங்கள். வெயில், மேகம் என்று ஒரு சிறு நெம்பைத் தள்ளினால் போதும். குவியத்தை மாற்ற வழியில்லை. ஏறத்தாழ மூன்று மீட்டருக்கு அப்பால் நிற்பவரே தெளிவாக விழுவார். அருகில் எடுக்க வேண்டுமானால் தனியே ஒரு கூடுதல் வில்லை வாங்கிப் பொருத்த வேண்டும். மூன்று மீட்டர் என்பது பத்தடி. எதிரே ஒருவர் வந்தால் மற்றவர் தோளைத் திருப்பி ஒதுங்க வேண்டிய தாராவிச் சந்தில், பத்துக்குப் பத்து அறையில், பத்தடி தள்ளி நின்று யாரை எடுப்பது? தாராவியில் ஒருவருக்கு இரவலாக ஒரு கிளிக் கேமரா கிடைத்திருந்தாலும், அதைக் கொண்டு தம் தாயை அடுப்பருகே எடுத்திருக்க முடியாது. தொண்ணூறு அடிச் சாலைக்கோ மைதானத்துக்கோ அழைத்து வந்து வெயிலில் நிறுத்தித்தான் எடுத்திருக்க முடியும். நான் பார்த்த பழைய குடும்பப் படங்களில் வீடு இல்லை. ஸ்டூடியோவின் தீட்டிய திரையோ திருவிழாப் பந்தலோ கோயில் வாசலோதான் பின்னணி. வெட்கத்தால் வீட்டைத் தவிர்த்தார்கள் என்று விளக்கம் எழுதும் முன், வில்லை எவ்வளவு தூரம் கேட்டது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

அப்படியானால் உலகம் அறிந்த தாராவிப் படங்கள் எவை? இரண்டு வகை. உயரத்திலிருந்து எடுத்த தகரக் கூரைகளும் நீலத் தார்ப்பாய்களும் ஒன்று. சந்தின் வாயிலிலிருந்து அகலக்கோண வில்லையால் எடுத்த, சுவர்கள் இருபுறமும் இழுபட்டுத் தோன்றும் காட்சி மற்றொன்று. இரண்டையும் தாராவிவாசி ஒருவரின் முதல் கேமராவால் எடுத்திருக்க இயலாது. அதாவது, 'தாராவி' என்று நம் மனத்தில் பதிந்திருக்கும் உருவமே வெளியிலிருந்து வந்த விலையுயர்ந்த கருவிகளின் பார்வை. தமிழ்த் திரையும் இதில் அதிகம் மாறுபடவில்லை. 'நாயகன்' (1987), 'காலா' (2018) இரண்டிலும் நாம் பார்த்த தாராவியின் பெரும்பகுதி சென்னையில் எழுப்பிய அரங்கு. தோட்டா தரணியின் கைவண்ணத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கூடலூரிலும் குடந்தையிலும் உட்கார்ந்து தாராவியைப் பற்றி நாம் பேசும்போது எந்தச் சுவரைப் பற்றிப் பேசுகிறோம் என்ற தெளிவு வேண்டும். வெளியாட்கள் அனைவரையும் ஒரே கோலால் அளக்கவும் கூடாது. நார்வே ஒளிப்படக் கலைஞர் ஜோனாஸ் பெண்டிக்சன் தம் 'தி பிளேசஸ் வி லிவ்' (2008) நூலுக்காக கராகஸ், நைரோபி, ஜகார்த்தா நகரங்களோடு தாராவியின் வீடுகளுக்குள்ளும் சென்றார். ஒவ்வொரு அறையின் நான்கு சுவர்களையும், அங்கே வாழ்பவர்களின் சொற்களையும் சேர்த்தே வெளியிட்டார். அறையில் இருப்பவர் தம் அறையைப் பற்றித் தாமே பேசுவதால் அந்தப் படங்கள் வேறு வகையில் படிக்கப்படுகின்றன.

இனி, இந்தப் பதிவை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். 'ஒளிப்படம்' என்று நாம் கட்டுரைகளில் எழுதுவதைத் தாராவித் தமிழர் 'போட்டோ' என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே இன்னொரு பொருளும் உண்டு: போட்டோ பாஸ். 1976 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு பம்பாயின் குடிசைகளைக் கணக்கெடுத்தது. கணக்கில் வந்த குடும்பங்களுக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. பல குடும்பங்களின் வீட்டு வாசலுக்கு வந்த முதல் கேமரா, மாமா கொண்டுவந்ததன்று, அரசு கொண்டுவந்தது. அந்தப் படத்தில் கலை எதுவும் இல்லை. நேரே பார்க்கும் முகம், ஒரு எண், ஒரு முத்திரை. ஆனால் 1985 ஜூலையில் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்று கூறிய அதே தீர்ப்பில், 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்றிடம் தரப்பட வேண்டும் என்றும் கூறியது. படம் இருந்தவருக்கு ஓர் இடம் கேட்கும் உரிமை இருந்தது. ஹோமாயின் சிற்றுலாப் படத்துக்கு ஒரு ரூபாய் விலை. இந்தப் படத்தின் விலை ஒரு வீடு.

அந்த விலையைப் படத்தின் முன் நின்றவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். போட்டோ பாஸும் ரேஷன் கார்டும் பிளாஸ்டிக் உறையில் சுற்றப்பட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 944 மி.மீ. மழை கொட்டி மித்தி ஆறு பெருகியபோது, தாழ்ந்த பகுதிகளில் இடுப்பளவு நீரில் முதலில் தலைக்கு மேலே தூக்கப்பட்டது எது என்று யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். எனக்குக் கிடைத்த விடை பெரும்பாலும் ஒன்றே. டி.வி. போனாலும் வாங்கிக்கொள்ளலாம், பாஸ் போனால் எங்கே போவது?

படம் எடுப்பதும் கணக்கெடுப்பதும் ஒரே வேலையின் இரு பக்கங்கள் என்பதை நம் ஆய்வு முறையியல் வகுப்புகள் சொல்லித்தருவதில்லை. செம்பூரைத் தாண்டி டிராம்பே செல்லும் வழியில் இதை நன்கு அறிந்த ஒருவர் இருந்தார். கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க்கு வந்த ஜோக்கின் அற்புதம். பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியில் ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்தனர், தமிழர் பலர். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், நீண்ட போராட்டத்துக்குப் பிறகு அந்தக் குடியிருப்பு முற்றாக அகற்றப்பட்டு மக்கள் சீத்தா கேம்புக்கு மாற்றப்பட்டனர். மாநகரம் முழுவதும் குடிசைகள் கணக்கெடுக்கப்பட்டு நான்கு மாதமே ஆகியிருந்தது. எண்ணப்படுவதே பாதுகாப்பாகிவிடாது, யார் எண்ணுகிறார் என்பது முக்கியம் என்ற முடிவுக்கு ஜோக்கினின் தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு வந்தது. பின்னாளில் ஸ்பார்க், மகிளா மிலன் ஆகியவற்றுடன் இணைந்து, குடியிருப்போரே தம் குடியிருப்பைக் கணக்கெடுக்கும் முறையை வளர்த்தது. வீடுகளுக்கு எண் இடுவதும் குடும்பங்களைப் பதிவு செய்வதும் அங்கே வாழும் பெண்களின் கையில் வந்தன. இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்க நகரங்கள் வரை அந்த முறை சென்றது. 2000இல் ஜோக்கினுக்கு மகசேசே விருது கிடைத்தது. ஒளிப்பட வரலாற்று நூல்கள் அவரைக் குறிப்பிடுவதில்லை. ஆனால் 'கருவி யாருடைய கையில்' என்ற வினாவை மும்பைத் தமிழர்களில் அவரளவு கூர்மையாகக் கேட்டவர் வேறெவரையும் நான் அறியேன்.

இன்று அந்த வினா மீண்டும் எழுந்திருக்கிறது. தாராவி மறுவளர்ச்சித் திட்டத்துக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. மகாராஷ்டிர அரசும் அதானி குழுமமும் பங்குதாரர்களாக உள்ள நிறுவனம் திட்டத்தை நடத்துகிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர் என்று நிறுவ முடிந்தால், தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. பின்னால் வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. சந்துகள் லேசர் கருவிகளால் அளக்கப்பட்டன, வீடுகளுக்கு எண் எழுதப்பட்டது, ஆவணங்கள் படமாக்கப்பட்டன. 25 ஆண்டுக்கு முந்தைய ஒரு நாளில் தான் எங்கே இருந்தேன் என்பதைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டிய நிலையில் ஒரு பெரிய மக்கள்திரள் நிற்கிறது.

இந்த இடத்தில்தான் நாம் வருகிறோம். எண்பதுகளிலிருந்து எத்தனை முனைவர் பட்டங்கள், எத்தனை திட்ட அறிக்கைகள், எத்தனை வெளிநாட்டு மாணவர்களின் கோடைக்காலக் களப்பணிகள் தாராவியில் நடந்தேறின! ஒவ்வொன்றிலும் படங்கள் எடுக்கப்பட்டன. வாசற்படியில் அமர்ந்திருக்கும் பெண், சந்தில் விளையாடும் குழந்தை, பின்னணியில் கதவு எண். அவை இன்று பல்கலைக்கழக நூலகங்களிலும் ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் அலமாரிகளிலும் உள்ளன. வாசற்படியில் அமர்ந்தவரிடம் ஒரு படிகூட இல்லை. இத்தகைய படம் தனித்து நின்று சட்டப்படி சான்றாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. வாக்காளர் பட்டியலும் மின்கட்டண ரசீதும் போட்டோ பாஸுமே முதன்மையானவை. ஆனால் ஆவணம் நனைந்தோ தொலைந்தோ போனவருக்கு, முறையீட்டில் ஒரு துணைச் செய்தியாகவேனும் அது பயன்படலாம். அது அவர் முகம், அவர் வாசல்.

உடனே ஒரு தடையும் எழும். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. தேதியிட்ட ஒரு படம் உதவுவதைப் போலவே கெடுக்கவும் செய்யும். 2003இல் எடுத்த படத்தில் மேல்தளம் இல்லை என்றால், அது பிறகு கட்டப்பட்டது என்பதற்கு நம் படமே சாட்சியாகிவிடும். ஆகவே இவற்றையெல்லாம் இணையத்தில் ஏற்றிவிடுவோம் என்று ஆர்வத்தோடு கிளம்பும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பொதுவில் வைப்பது வேறு, உரியவரிடம் கொடுப்பது வேறு. படம் உரியவர் கைக்குச் செல்ல வேண்டும். அதை எங்கே காட்டுவது, எங்கே காட்டாமல் இருப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவரே. நாம் எடுத்துச் செல்லும் ஒப்புதல் படிவங்கள் இதற்கு நேரெதிரான திசையில் இருக்கின்றன. அவற்றில் கையெழுத்திடுபவர் நமக்கு ஓர் உரிமையைத் தருகிறார். பதிலுக்குப் படிவத்தின் ஒரு நகல்கூடப் பல வேளைகளில் அவருக்குக் கிடைப்பதில்லை. படிவம் ஆங்கிலத்தில் இருப்பதைப் பற்றித் தனியே ஒரு பதிவு எழுத வேண்டும்.

செல்பேசி வந்த பிறகு எல்லோரிடமும் கேமரா இருக்கிறதே, இன்னும் என்ன இரவலும் கடனும் என்று ஒரு முதுகலை மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. 12 படங்களே உள்ள சுருளைக் கையில் வைத்திருந்தவர் ஒவ்வொரு முறையும் இவரை எடுக்கலாமா, இந்த வெளிச்சம் போதுமா, இவருக்குப் படி கொடுக்க முடியுமா என்று யோசித்தாக வேண்டியிருந்தது. கழுவி அச்சிடக் காசு வேண்டும். அச்சிட்ட பின் அது ஒரு பொருள். கேட்டால் காட்ட வேண்டும். இன்றைய ஆய்வாளரின் முதல் கேமரா ஒரே பிற்பகலில் நானூறு படங்களை எடுத்து மேகக் கிடங்குக்கு அனுப்பிவிடுகிறது. அது எதையும் மறுப்பதில்லை, எதற்கும் காத்திருப்பதில்லை. பழைய கருவி தன் குறையாலேயே சொல்லிக்கொடுத்ததை இப்போது துறையும் நெறியாளரும்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நாமோ படத்தின் தெளிவுத்திறன் எத்தனை மெகாபிக்சல் இருக்க வேண்டும் என்று ஆய்வேட்டு விதிகளில் எழுதிவைத்திருக்கிறோம்.

முதல் கேமராவைப் பிறர் கையில் கொடுப்பதே தீர்வு என்று கருதுவோரும் உண்டு. 'பார்ன் இன்டு பிராதல்ஸ்' (2004) ஆவணப்படம் அப்படித்தான் கொல்கத்தா சோனாகாச்சியின் குழந்தைகளிடம் கேமராவைக் கொடுத்தது, ஆஸ்கரும் பெற்றது. அந்தக் குழந்தைகளின் படங்களில் சில உண்மையிலேயே சிறந்தவை. ஆனால் படம் முடியும்போது நாம் பின்தொடர்ந்திருப்பது கொடுத்தவரின் கதையை. அதனோடு ஒப்பிட, மும்பையிலிருந்து இயங்கும் 'பாரி' இணைய ஆவணகத்தில் மா. பழனிக்குமார் செய்துவரும் வேலை எனக்கு நம்பிக்கையளிக்கிறது. மதுரையைச் சேர்ந்தவர்; 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் ஒளிப்பதிவு செய்தவர்; 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவண ஒளிப்பட விருதைப் பெற்றவர். மீன் விற்று அவரை வளர்த்த தாயைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து படமெடுத்து, அந்த உழைப்பைப் பற்றி எழுதியவர். ஹோமாய்க்குத் தோழி, சூனிக்குக் குடும்பம், பழனிக்குமாருக்குத் தாய். தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவப் பிள்ளைகளுக்கும் அவர் ஒளிப்படம் கற்றுக்கொடுக்கிறார். அப்பிள்ளைகள் எடுப்பதும் தம் பெற்றோரின் வேலையையே. எடுத்த படத்தை இரவு உணவின்போது வீட்டில் காட்டியாக வேண்டிய நிலை அவர்களுக்கு உண்டு. எந்த நெறிமுறைக் குழுவும் அதைவிடக் கடுமையாக ஒரு படத்தைச் சோதிக்காது.

ஆய்வாளர்கள் எல்லோரும் தம் வீட்டையே ஆய்வு செய்ய முடியாது என்பது தெரிந்ததே. நானும் வெளியிலிருந்து சென்றவன்தான். "போட்டோ எடுத்தீங்களே தம்பி, எங்களுக்கு ஒண்ணு குடுப்பீங்களா?" என்ற கேள்வியைத் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் கேட்காத களப்பணியாளர் இருக்கமாட்டார். அதைக் குழந்தைத்தனமான ஆசை என்று சிரித்துக் கடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். போட்டோ பாஸின் வரலாறு தெரிந்தால் அப்படிச் சிரிக்க முடியாது. ஒரு முகமும் ஒரு வாசலும் ஒரே தாளில் இருப்பதன் மதிப்பை நம்மைவிட நன்கு அறிந்தவர்கள் கேட்கும் கேள்வி அது.

தாராவியிலேயே அச்சிட்டுத் தரும் கடைகள் உள்ளன. நான்குக்கு ஆறு அங்குலப் படி ஒன்று ஒரு வடாபாவ் விலைக்குக் கிடைக்கிறது. பின்புறம் எடுத்த நாளும் சந்தின் பெயரும் வீட்டு எண்ணும் எழுதி, மழைக்குத் தாங்கும் உறையில் போட்டுக் கொடுக்கலாம். எழுதலாமா என்று முதலில் அவரைக் கேட்டுவிட்டு. நம் ஆய்வு நிதி விண்ணப்பங்களில் பயணத்துக்கும் ஒலிப்பதிவுக் கருவிக்கும் கேமராவுக்கும் தனித்தனிப் பத்திகள் இருக்கின்றன, அச்சுப்படிக்கு இல்லை. அதைச் சேர்க்க விதித் திருத்தம் எதுவும் தேவையில்லை. 'இதர செலவுகள்' என்ற பத்தி ஏற்கெனவே இருக்கிறது.